ஒன்றரை நிமிடம்

பயிற்சிக்கு வந்திருந்த அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "சார், 'ஸ்டார்மி மண்டே'யில மவுத் ஆர்கன் தனியா வருமே, அது எங்க?" ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கில் நிகழ்த்திய கச்சேரிகளின் பதிவான 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' பற்றிய ஒரு மணி நேர வானொலி நிகழ்ச்சிக்கு, அந்த ஆண்டே வெளியான இசைத்தட்டின் வடிவத்தை நான் எடுத்திருந்தேன். அவர் கேட்ட மவுத் ஆர்கன், அதாவது தாம் டூசெட் என்ற கலைஞரின் ஹார்மோனிக்காத் தனிவாசிப்பு, அதில் இல்லை. 1992 வெளியீட்டில்தான் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. "எல்பி தட்டில் இடம் பத்தாதும்மா, அதனால தயாரிப்பாளர் டாம் டவ்ட் வெட்டிட்டார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். அதையே ஒலிபரப்பிலும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் கூட்டிப் பார்த்தேன். அந்த இரட்டைத் தட்டில் 'ஸ்டார்மி மண்டே' இருக்கும் முதல் பக்கம் மொத்தமே சுமார் 17 நிமிடம். நான்காம் பக்கத்தில் 'விப்பிங் போஸ்ட்' மட்டுமே 22 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. டூசெட்டின் ஒன்றரை நிமிடத்துக்குத் தாராளமாக இடம் இருந்திருக்கிறது. இடம் போதாமல் இருந்தது என் நிகழ்ச்சியில். ப்ளூஸும் ராக்கும் ஜாஸும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடும் 'எலிசபெத் ரீட்' பாட்டைக் குறைக்காமல் ஏறக்குறைய 13 நிமிடமும் ஒலிக்கவிட வேண்டும் என்பதற்காக மற்ற எல்லாவற்றிலும் நிமிடம் பிடித்துக்கொண்டிருந்த நான், என் நெருக்கடியை அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒருவர் தலையில் கட்டிவிட்டேன்.

ஆனாலும் குறுகிய வடிவத்தை எடுத்தது தவறு என்று மனம் ஒப்பவில்லை. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனைப் பதிவுசெய்த காது டவ்டுடையது. அந்தக் கச்சேரிகளின் முதல் இரவில் மேடையேறிய சாக்ஸபோன்காரர்களையே வேண்டாம் என்று அனுப்பியவர் அவர். மந்தமான ப்ளூஸாகப் போய்க்கொண்டிருக்கும் 'ஸ்டார்மி மண்டே', குழுவின் பாடகர் கிரெக் ஆல்மனின் ஆர்கன் வாசிப்பில் மூன்று தட்டு வால்ட்ஸ் தாளத்துக்குத் தாவி ஜாஸாகிவிடும் அந்தத் திருப்பம், குறுகிய வடிவத்தில்தான் எனக்குக் கூர்மையாகக் கேட்கிறது. முதலில் கேட்டுப் பழகியது அதுதான் என்பதாலும் இருக்கலாம். எப்படியானாலும், இந்தக் காரணத்தை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுத்துப் பேசியிருக்க முடியும். இடப் பற்றாக்குறையை யார் மறுப்பார்கள்?

அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். நிகழ்ச்சி அடுத்த மாதம் மறு ஒலிபரப்பாகிறது. தட்டில் இடம் இல்லை என்று நான் சொல்லும் வாக்கியம் ஏழெட்டு விநாடிதான். வெட்டினால் யாருக்கும் தெரியாது. இன்னும் கைவைக்கவில்லை.