சுவருக்கும் படத்துக்கும் நடுவே

கும்பகோணத்தில் ஃபிரேம் கடை வைத்து எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்களின் படம் என்று கடைக்கு வருபவை பெரும்பாலும் மூன்றே வகைதான். பருத்திக் காகிதத்தில் நல்ல மையால் அச்சிட்ட கலை ஒளிப்படங்களை வீட்டில் மாட்டுவதற்காகக் கொண்டுவருகிறவர்களைக் கடந்த ஏழெட்டு ஆண்டுகளாகத்தான் பார்க்கிறேன். அப்படிப்பட்ட படம் ஒன்று மேசைக்கு வரும்போதெல்லாம், தொழிலின் தொடக்கத்தில் நான் கெடுத்த ஒரு படம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொடுத்த படம் அது. அவருடைய கணவர் ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் எடுத்து, தம் கையாலேயே இருட்டறையில் கழுவிப் பிரதி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அப்போது எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு கொடுத்து, ஆணி அடித்து, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுவது. சாமி படத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழி பிறந்தபோது அந்த அம்மா அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

“தம்பி, உள்ள தண்ணி எறங்கியிருக்கா பாருங்க.”

தண்ணீர் இறங்கவில்லை, கொல்லைப்பக்கச் சுவரின் ஓதம்தான் உள்ளே ஏறியிருந்தது. படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, பிறகு காய்ந்து அதோடு இறுகிவிட்டிருந்தது. அது புரியாமல் நான் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். காகிதம் என் கையோடு வந்தது. கடைசி இரண்டு படிகளும், காதோலை கருகமணியை ஆற்றில் விடுவதற்காக நீட்டியிருந்த ஒரு பெண்ணின் கையும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன. “போதும் தம்பி, இனிமே இழுக்காதீங்க” என்று மட்டும் அந்த அம்மா சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றையெல்லாம் இடைவெளி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டை 45 பாகைச் சாய்வில் சன்னல்போல் வெட்டி வைக்கிறோமே, அது அழகுக்கு மட்டும் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அந்த அட்டையின் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் படம் கண்ணாடியைத் தொடாமல் காப்பாற்றுகிறது. அட்டையும் பருத்தியால் ஆனதாக, அமிலம் இல்லாததாக இருக்கவேண்டும். மலிவான மரக்கூழ் அட்டையில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் நாளடைவில் அமிலமாகி, வெட்டிய விளிம்பில் முதலில் பழுப்புக் கோடாகத் தெரியும். பிறகு அந்தப் பழுப்பு படத்திலும் இறங்கும்.

ஒட்டுவதில்தான் வாடிக்கையாளர்களோடு எனக்கு அதிக வாக்குவாதம். நாலு பக்கமும் பசை தடவி அழுத்தினால் படம் தட்டையாக நிற்கும் என்று கேட்கிறார்கள். காகிதம் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் விடாமல் கட்டிப்போட்டால் அலையலையாக நெளிந்துவிடும். ஆகவே மேல்விளிம்பில் மட்டும், நீண்ட நாருள்ள மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டுகள் இரண்டைக் கீல்போல் வைத்து, கோதுமை மாச்சத்தில் காய்ச்சிய பசையால் ஒட்டித் தொங்கவிடுகிறேன். போஸ்டர் ஒட்டும் மைதா பசை இதற்கு உதவாது. மாவிலிருந்து புரதத்தை நீக்கி எடுத்த மாச்சத்துதான் வேண்டும். நாளை யாரேனும் படத்தைப் பிரிக்க நேர்ந்தால், சிறிது ஈரம் காட்டினால் போதும், அது விட்டுக்கொடுத்துவிடும். பின்பக்கத்தைக் காகிதத்தால் இடுக்கில்லாமல் மூடுவது தூசிக்காகவும் இராமபாணப் பூச்சிக்காகவும்.

மாட்டும் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், நம் பழைய ஓட்டு வீடுகளின் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கூடத்துச் சுவரில் படங்களின் கீழ்விளிம்பை மட்டும் சுவரில் பதித்து, மேற்பக்கத்தைக் கயிற்றில் முன்னோக்கிச் சாய்த்து மாட்டியிருப்பார்கள். பின்னால் குருவி கூடு கட்டும் அளவுக்கு இடம் இருக்கும். எந்த நோக்கத்தில் அப்படி மாட்டினார்களோ, படத்துக்குப் பின்னால் காற்று ஓடியது. இன்று சுவரோடு ஒட்டி நேராக மாட்டச் சொல்கிறவர்களுக்கு, சட்டத்தின் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டுகள் வைத்தாவது அந்த இடைவெளியை மீட்டுக்கொடுக்கிறேன்.

வெளிச்சத்துக்கும் இதே கவனம் தேவை. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ஒளிப்படக்காரர் 1858இல் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் படம் ஒன்றின் புதிய அச்சை ஓர் இளைஞர் கொண்டுவந்து, முற்றத்து வெயில் நேரே விழும் சுவரில் மாட்டப்போவதாகச் சொன்னார். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் போதாதா என்று கேட்டார். அந்தக் கண்ணாடி புற ஊதாவைத் தடுக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்கச் செய்யும் என்று விளக்கி, எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னேன்.

ஆசிரியையின் படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்து, பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, காசு வாங்காமல் சட்டம் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியில் ஒட்டிய அசல், துணி சுற்றி அவருடைய பீரோவில் இருக்கிறது. போன கார்த்திகை மழையில் அவர் வீட்டுக்குப் போனபோது, கூடத்து உட்சுவரில் மாட்டியிருந்த புதிய படத்தின் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சுவரும் சட்டமும் காய்ந்தே இருந்தன.