மூடி போட்ட பக்கெட்

ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டா சேர்ந்த புதுசுல எனக்கு வேலைன்னா ஃப்ளேம் போட்டோமீட்டர், அதாவது தீயோட நிறத்தை வச்சு உப்பை அளக்கிற மெஷின் முன்னாடி உக்காந்திருக்கிறதுதான். கடல்பாசி செல்லுக்குள்ள சோடியம் எவ்ளோ, பொட்டாசியம் எவ்ளோன்னு பாக்கணும். மெல்லிசான ட்யூப் சாம்பிளை உறிஞ்சும், சோடியம் இருந்தா நீலத் தீ பளிச்சுன்னு மஞ்சளாயிரும், பொட்டாசியத்தோட ஊதா அந்த மஞ்சள்ல கண்ணுக்கே தெரியாது, ஃபில்டர் வழியா மெஷின்தான் பாத்துச் சொல்லும். விரல் வேர்வை பட்டாகூட சோடியம் ஏறிடும். கண்ணாடி பாட்டில்ல வச்சாலும் ஏறும்னு அங்க போய்தான் தெரிஞ்சுது.

கடல் தண்ணி ஒரு கிலோவுல சோடியம் சுமார் 10.8 கிராம், பொட்டாசியம் வெறும் 0.4 கிராம். உயிரோட இருக்கிற நிறைய பாசி செல்லுல இது தலைகீழா இருக்கும். வலோனியான்னு ஒரு பாசி, கோலிக்குண்டு மாதிரி இருக்கும், அந்த முழு உருண்டையும் ஒரே செல். 1920கள்ல ஆஸ்டர்ஹவுட்னு ஒருத்தர் பெர்முடாவுல அதுக்குள்ள இருக்கிற சாறை எடுத்து ஆராய்ச்சி பண்ணாரு, உள்ள பொட்டாசியம் வெளிய இருக்கிறதைவிட 40 மடங்குக்கு மேல, சோடியமோ கம்மி. ஆனா பாக்க அதே மாதிரி இருக்கிற ஹாலிசிஸ்டிஸ் உள்ள சோடியம்தான் ஜாஸ்தி, ஏன் இப்படின்னு கேட்டா தலை சுத்தும், விடுங்க.

இதெல்லாம் படிச்சிட்டு நான் மனசுல வச்சிருந்த படம் ஒரு கோட்டைச் சுவர். உப்பு உள்ள வராது, அவ்ளோதான்னு.

அந்த நினைப்போடதான் ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற கடலோர ஊருக்கு சாம்பிள் எடுக்கப் போனேன். தண்ணி வத்தி இருந்த நேரம், பாசி எடுக்கிற அக்கா ஒருத்தங்க கஞ்சிப்பாசி பறிச்சு பக்கெட்டுல போட்டுக் குடுத்துட்டு, "மூடிராதீங்க தம்பி, அவிஞ்சிரும்"னாங்க. நைட் பஸ்ல தண்ணி சிந்துனா கண்டக்டர் திட்டுவாரேன்னு நான் மூடியை நல்லா அமுக்கி வச்சிட்டேன்.

காலைல லேப்ல ரீடிங் எடுத்தா சோடியம் எகிறிப் போய் நிக்குது, பொட்டாசியம் பாதிகூட இல்ல. மெஷின் மேல பழியைப் போட்டு மூணு தடவை ஸ்டாண்டர்டு (அளவு தெரிஞ்ச கரைசல்) ஓட்டினேன். சார் வந்து பாத்துட்டு, "பக்கெட் தண்ணியில பொட்டாசியம் பாத்தியா?"ன்னு மட்டும் கேட்டாரு. பாத்தேன். கடல் தண்ணியில இருக்க வேண்டியதைவிட எங்கயோ போயிருச்சு. உள்ள இருந்ததெல்லாம் வெளிய கிடந்துச்சு.

அப்புறம்தான் சார் விளக்கினாரு. சுவரெல்லாம் இல்ல, அது ஓட்டை வள்ளம். வெளிய சோடியம் அவ்ளோ இருக்கு, செல்லுக்குள்ள வேற நெகட்டிவ் சார்ஜ், ரெண்டும் சேர்ந்து சோடியத்தை உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும். செல்லோட சவ்வுல இருக்கிற பம்புங்க ஏடிபிங்கிற செல்லோட எரிபொருளைச் செலவழிச்சு அதை ராத்திரி பகலா வெளிய இறைக்கணும். நான் மூடின பக்கெட்டுல வெளிச்சம் கிடையாது, ஆக்சிஜன் தீந்துபோச்சு, சூடு வேற. இறைக்கிற ஆள் மயங்கினா வள்ளம் என்ன ஆகும்?

கழுவுறதும் ஒரு தலைவலி. செல் சுவர்ல ஒட்டியிருக்கிற கடல் உப்பைப் போக்கலைன்னா அதுவும் உள்ள இருக்கிற சோடியம்னு கணக்காயிரும், டிஸ்டில்டு வாட்டர்ல போட்டா செல் தண்ணியைக் குடிச்சு ஊதி வெடிக்கும். அதனால கடல் தண்ணி அளவுக்கே கெட்டியா கலக்கின, சோடியம் இல்லாத சார்பிட்டால்ங்கிற சர்க்கரை மாதிரி பொருளோட கரைசல்ல அலசுவோம், அதுவும் எத்தனை செகண்டுன்னு லேப்ல ஆளுக்கொரு நம்பர் சொல்லுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கடல்புல் சமாச்சாரம்தான். ஐரோப்பாக் கரையில வளர்ற சோஸ்டெரா, உள்ள பாயத் துடிக்கிற சோடியத்தோட வேகத்தை வச்சே தனக்கு உரமான நைட்ரேட்டையும் சேர்த்து உள்ள இழுத்துக்குது. அந்த சோடியத்தை திரும்ப வெளிய தள்ளுறது தனிச் செலவு, ஆனாலும் கெட்டிக்காரப் புல்லுதான்.

அடுத்த தடவை மூடி இல்லாத பக்கெட், மீன் தொட்டிக் கடையில வாங்கின பேட்டரி காத்து மோட்டார். பஸ்ல அது கொர்ர்ருன்னு சத்தம் போட, கண்டக்டர் வந்து எட்டிப் பாத்தாரு.

"என்ன தம்பி, மீனா?"

"இல்லண்ணே, பாசி."

"பாசிக்கு எதுக்குய்யா காத்து?"

"அதுக்குள்ள சோடியம் வந்துக்கிட்டே இருக்கும்ணே, அதை..."

"சரி சரி, லக்கேஜுக்கும் சேத்துக் காசை எடு."