படிவத்தில் இல்லாத கேள்வி

“தம்பி, நீங்கள் கூட்டிப் போட்டிருக்கிற வெற்றிடங்கள் எந்த மொழியில் இருக்கின்றன?”

“படிவத்தில் மொழிமூலம் கேட்கவில்லை, மிஸ்.”

பேச்சு இவ்வளவுதான். தமிழ்மூலப் பாடசாலையின் அதிபர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் நிரப்பி நீட்டிய படிவத்தின் பிரதியை வாங்கி, இரண்டாக மடித்து, வரவு இடாப்புக்குள் செருகினார். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன். ஆறு வருடம் போய்விட்டது. அந்தத் தேநீரில் சீனி கூடியிருந்தது இன்னமும் நினைவிருக்கிறது.

நான் சொன்னது பொய்யில்லை. கொழும்பில் முகத்துவாரம் பக்கம் எழும்பவிருந்த ஒரு தொடர்மாடிக்குப் ‘பிரதேசத்தின் பாடசாலை வசதி போதுமானதா’ என்று கேட்டு எங்கள் கல்வி அலுவலகத்துக்கு வந்த கடிதத்தோடு இருந்த படிவம் அது. வெற்றிடங்களுக்கு ஒரே ஒரு நிரல். பின்னேரம் நான்கு மணிக்குள் பதில் வேண்டும் என்றார்கள். நடந்து போகக்கூடிய தூரத்தில் மூன்று பாடசாலைகள். இரண்டு சிங்களமூலம்; தரம் 1இல் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. மூன்றாவது தமிழ்மூலம்; அங்கே மண்டபத்தைப் பலகையால் தடுத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றையும் கூட்டினால் இடம் மிஞ்சியது. ‘போதுமானது’ என்று எழுதினேன். கணக்கு சரி. யார் திரும்பக் கூட்டிப் பார்த்தாலும் அதே விடைதான் வரும்.

கட்டடம் கட்டுகிறவர்கள் வாங்க வேண்டிய அனுமதிகளை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு பொறாமை உண்டு. குடிநீருக்கு ஒரு கடிதம், மின்சாரத்துக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, கழிவுநீருக்கு ஒன்று. உயரம் கூடினால் விமானப் போக்குவரத்துக்காரரிடமும் கேட்க வேண்டும். அவர்களுக்கெல்லாம் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. எங்களிடமும் ஒன்று இருந்தது: வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்து, அதில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு விகிதம். ஆனால் தண்ணீருக்குத் தாய்மொழி கிடையாது.

அதோடு, வீடு என்றால் எந்த வீடு? கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்து நிற்கும் மாடிகளில் பாதி இரவில் இருட்டாகக் கிடக்கும். விளக்கு எரிகிற வீட்டுப் பிள்ளைகளும் பெரும்பாலும் சர்வதேசப் பாடசாலைக்குப் போகிறவர்கள். வெள்ளவத்தையில் ஒரு வீடு இருந்த காணியில் இருபது வீடுகள் வந்துவிட்டன. பாதியில் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் கனடாவில். குடிசைத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு வீடு கொடுத்த நகர மீளுருவாக்கத் திட்டத்தின் மாடிகளோ வேறு உலகம். தோட்டத்தில் ஒரே கூரைக்குக் கீழே தகப்பன் ஒரு அடுப்பும் மகன் ஒரு அடுப்புமாக இருந்தவர்களுக்கு, 400 சதுர அடியும் சொச்சமுமாக ஒரே வீட்டுச் சாவியைக் கொடுத்த கதைகள் எங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வீட்டுக்கும் நான்கு பேர்தான் போட்டேன்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1986ஆம் ஆண்டின் திட்டமிடல் ஒழுங்குவிதிகளிலேயே, 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் 10 வீதத்தைச் சமூகத் தேவைகளுக்கு விட வேண்டும் என்று இருந்தது. கொழும்பு நகருக்குள் அவ்வளவு பெரிய காணியை யார் துண்டாடுகிறார்கள்? இங்கே துண்டாடுவது ஆகாயத்தை.

முகத்துவாரத்துக் கட்டடத்தில் ஆட்கள் குடியேறிய முதல் வருடம் பாடசாலைக்கு யாரும் வரவில்லை. குடிவந்தவர்கள் பிள்ளைகளைப் பழைய பாடசாலைகளிலேயே வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கொம்பனித்தெருவுக்கும் வனாத்தமுல்லைக்கும் முச்சக்கர வண்டிகள் நிரம்பி வழிந்து போயின. நான் அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். வேறு ஏதோ விபரம் கேட்பதுபோல ஆரம்பித்து, “புதுக் கட்டடத்திலிருந்து யாரும் வரவில்லைத்தானே, மிஸ்?” என்றேன். “இன்னும் வரவில்லை, தம்பி” என்றார். அந்த ‘இன்னும்’ அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை.

மூத்த பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் இளையதையும் அனுப்ப மாட்டார்கள். மூன்றாவது வருடம் தரம் 1 விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பம் கூடினால் தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையைத்தான் திறக்க வேண்டும். பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு. வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இருக்கிறதா என்று புள்ளி போடுவார்கள். இவர்களுக்கு அந்த விலாசத்தில் ஐந்து வருடமும் இல்லை, உறுதியும் இல்லை; ஒதுக்கீட்டுக் கடிதம் மட்டும் இருந்தது. ஒரு தகப்பன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துறைமுகத்தில் நாட்கூலி. பிளாஸ்டிக் கோப்புக்குள் மின்சாரப் பட்டியல்களை மாத வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். “சேர், எங்கள் பல்கனியில் நின்றால் பள்ளிக்கூடத்து மணி கேட்கும்” என்றார். மேசையில் அவருடைய கடிதத்துக்குப் பக்கத்தில் என் பேனை கிடந்தது. மேன்முறையீடு செய்யுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

இதில் என்னைக் குடைவது ஒன்று உண்டு. கேட்கிற பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்டத்தில் வேறு பாடசாலைகள் இருந்தால் விண்ணப்பதாரருக்குப் புள்ளி கழிப்பார்கள். ஆனால் அது பிள்ளை சேரக்கூடிய பாடசாலையாக இருந்தால்தான் கழிக்கலாம். மொழிமூலமும் அதில் பார்க்கப்படும். அதாவது, பிள்ளையைச் சேர்க்கும்போது மொழி கேட்கிற அதே துறை, பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்று எண்ணும்போது கேட்பதில்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். சுற்றறிக்கை என் லாச்சிக்குள்தான் இருந்தது.

‘போதாது’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டட வேலை நின்றுபோயிருக்காது. வீடுகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். யார் வருவார்கள், என்ன மொழி பேசுவார்கள் என்று எழுதுகிற நாளில் யாருக்கும் தெரியாது. என் கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்திருக்கும். இப்படி எனக்கு நானே பலமுறை வாதாடி வென்றிருக்கிறேன். வென்ற பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. தமிழ்மூலத்துக்குத் தனியாக இடம் போதாது என்று ஒரு வரி எழுத அன்றைக்குப் பேனையை எடுத்தேன். கீழே இருக்கப்போவது என் பெயர். மேலே இருக்கிறவர்கள் வரியை விட்டுவிட்டுப் பெயரைத்தான் முதலில் வாசிப்பார்கள் என்று தோன்றியது. யாரும் அப்படி எனக்குச் சொன்னதில்லை. அந்த அலுவலகத்தில் என்னை யாரும் வேற்றுமையாக நடத்தியதும் இல்லை. பேனையை மூடினேன். நேரம் நான்கு ஆகியிருந்தது என்பது பிறகு சேர்த்துக்கொண்ட காரணமா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை.

நான் எழுதியதே சரியாக முடியலாம் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. 2019இல் நாட்டில் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த பிறப்புகளின் எண்ணிக்கை 2023இல் இரண்டரை இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு அந்தத் தமிழ்மூலப் பாடசாலைக்கு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தால், இன்னும் சில வருடங்களில் அங்கே புறாக்கள்தான் இருந்திருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்து படித்தவர்கள் அதற்குள் தரம் 5 தாண்டியிருப்பார்கள்.

போன மாதம் இன்னொரு தொடர்மாடிக்கான கடிதம் வந்தது. அதே படிவம், அதே ஒற்றை நிரல். ஓரத்தில் பென்சிலால் ‘தமிழ்மூலம் தனியாகப் பார்க்கவும்’ என்று எழுதி, தட்டச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் சுத்தப் பிரதி வந்தது. பென்சில் வரி அதில் இல்லை. தட்டச்சு செய்கிற பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்று எழுந்தேன். அவள் சாப்பிடப் போயிருந்தாள். பிரதியைத் திரும்ப ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.