ஏன்ட்ரீயில் ஒரு சனிக்கிழமை

இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தை டிவியில் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு. லிவர்பூல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் போதும், ஏன்ட்ரீ ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மைதானம். ஊரே புது உடுப்பில் அங்கேதான் இருந்தது.

நான் இருக்கையில் உட்காரவில்லை, குதிரைகள் தாண்டும் தடுப்பு வேலி ஒன்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். முதலில் காலடியில் தரை அதிர்கிறது. அப்புறம் 34 குதிரைகளும் மொத்தமாக வந்து எழும்புகின்றன. ஜாக்கிகள் ஒருவரையொருவர் கத்தி எச்சரிப்பது காதில் விழுகிறது. வேலி மேல் செருகியிருக்கும் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகள் பிய்ந்து பறக்கின்றன. டிவியில் இது எதுவுமே தெரியாது.

இரண்டு சுற்று, 30 தாண்டல், கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். கடைசி வேலியைத் தாண்டிய பிறகும் சுமார் 450 மீட்டர் ஓட வேண்டும். 1956இல் ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருடைய குதிரை டெவன் லாக் ஜெயிக்கப் போகும் நேரத்தில் வயிறு தரையில் பட விழுந்தது இந்த நீட்டத்தில்தான். 1973, 74, 77 என மூன்று முறை வென்ற ரெட் ரம் என்ற குதிரையைப் புதைத்திருப்பதும் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில்தான். அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

குதிரைகள் அடிபடுவதும் சாவதும் இந்தப் பந்தயத்தின் தீராத வலி. 2024இல் குதிரைகளை 40இலிருந்து 34ஆகக் குறைத்ததும், முதல் வேலியைத் தொடக்கக் கோட்டுக்கு அருகே கொண்டுவந்ததும் நல்ல முடிவு. இன்னும் செய்யலாம், செய்ய வேண்டும். யார் ஜெயித்தாலும் சரி, எல்லாக் குதிரையும் திரும்பி வந்ததா என்றுதான் நான் முதலில் கேட்டேன்.