படங்களைப் பிரித்துக் கொடுத்ததும் சர்வர் மூச்சுவிட்டது

எங்கள் ஊரின் பழைய புகைப்படங்களுக்காக நான் நடத்தும் தளம் 1 ஜிபி ராம் உள்ள சின்ன சர்வரில் ஓடுகிறது. ஒரு பக்கத்தில் அறுபது சிறுபடங்கள். பொங்கல் விடுமுறையில் யாரோ வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வந்ததுமே எல்லாம் உறைந்துவிட்டது. உள்ளே நுழையவே இரண்டு நிமிடம் ஆனது, ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் திரை முழுக்க அப்பாச்சி (பக்கங்களை அனுப்பும் வெப்சர்வர் மென்பொருள்), ராம் நிரம்பினால் டிஸ்கில் பயன்படுத்தும் ஸ்வாப்பிலும் இடமே இல்லை.

அப்பாச்சியை ப்ரீஃபோர்க் முறையில், பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி மொழியை உள்ளேயே ஏற்றிவைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரலின் ஒரு பிரதி). 8 கேபி படத்தைக் கொடுக்கக்கூட பிஎச்பியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு 35 எம்பி வந்து நிற்கும். பிரவுசரோ எச்டிடிபி 1.1-இல் ஒரே தளத்துக்கு 6 இணைப்பு வரை திறக்கிறது, படம் போய்ச் சேர்ந்த பிறகும், இணைப்பை மூடாமல் வைக்கும் கீப்-அலைவ் 5 வினாடி அந்த ப்ராசஸை விடாமல் பிடித்து வைக்கிறது. பத்துப் பேர் வந்தால் 60 ப்ராசஸ். 1 ஜிபி எங்கே தாங்கும்?

அப்பாச்சியிலேயே ஒரு ப்ராசஸ் பல இணைப்புகளைக் கவனிக்கும் ஈவென்ட் முறைக்கு மாறி, பிஎச்பியைத் தனியாக ஓட்டும் எஃப்பிஎம்முக்குத் தள்ளியிருக்கலாம், அதுவும் நல்ல வழிதான். ஆனால் ஃபோல்டர்வாரியாக அமைப்பைச் சொல்லும் என் எச்டிஆக்சஸ் ஃபைல்களில், பிஎச்பி அமைப்பை மாற்றும் பிஎச்பி_வேல்யூ வரிகள் நிறைய, எஃப்பிஎம் போனால் அவை 500 பிழை (சர்வர் கோளாறு) தரும். அதனால் அப்பாச்சியை 8080 போர்ட்டுக்கு நகர்த்திவிட்டு முன்னால் இன்னொரு வெப்சர்வரான என்ஜின்எக்ஸை வைத்தேன். படம், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் எல்லாம் அதுவே நேராகக் கொடுக்கும், பிஎச்பி மட்டும் பின்னால் போகும்.

போட்டதும் எல்லாப் படத்துக்கும் 403 (அனுமதி இல்லை). கான்ஃபிக்கையே ஒரு மணி நேரம் புரட்டினேன். அப்புறம், பாதையிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் காட்டும் நேம்ஐ -எல் கட்டளை காட்டிக்கொடுத்தது: அப்பாச்சி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பெயரில், நான் நிறுவிய என்ஜின்எக்ஸோ வேறு பயனராக ஓடுகிறது, மேல் ஃபோல்டரின் அனுமதி 750, அதாவது உரிமையாளரும் அதன் குழுவும் மட்டுமே நுழையலாம். அந்தப் பயனரை ஃபோல்டரின் குழுவில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது.

சிஎஸ்எஸ்ஸை முன்கூட்டியே சுருக்கி .ஜிஇசட் ஃபைலாகப் பக்கத்தில் வைத்து, அதையே நேராக அனுப்பச் சொல்லும் என்ஜின்எக்ஸின் ஜிசிப்_ஸ்டேட்டிக்கை ஆன் செய்தேன். ஜேபெக்கைத் தொடவில்லை, அது ஏற்கெனவே சுருங்கியதுதான். பிரவுசர் ஃபைலைச் சேமித்து வைத்துக்கொள்ளும் கேஷில் மட்டும் கவனம்: ஒரு வருடம் என்று வைத்தால், ஃபைலை மாற்றும்போதெல்லாம் பெயரையும் மாற்றியாக வேண்டும். நான் மாற்றாமல் விட்டதில் பழைய வாசகர்களுக்கு இரண்டு நாள் பக்கம் கோணலாகவே தெரிந்தது. இப்போது அப்பாச்சிக்கு உச்சவரம்பு 8 ப்ராசஸ், அதற்குமேல் தேவைப்படவே இல்லை.