பெயர் வரும் இடம்

21 ஏப்ரல் 2025, திங்கள்

திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் இறந்துவிட்டார். உரோமை நேரப்படி காலை 7:35 மணி. நேற்றுத்தான் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஆசிக்காக மேல்மாடத்தில் வந்து நின்றார். பிப்ரவரி 14 முதல் மார்ச் 23 வரை அவர் மருத்துவமனையில் இருந்தபோது, ஞாயிறுதோறும் திருப்பலியில் மக்கள் சார்பாகப் படிக்கும் விசுவாசிகள் மன்றாட்டில் அவருடைய உடல்நலத்துக்காக ஒரு வரி எழுதினேன். இன்று மாலைத் திருப்பலிக்கு அதே வரியை எடுத்து, "நலம்" இருந்த இடத்தில் "நிலையான இளைப்பாற்றி" என்று மாற்றினேன். மற்றச் சொற்கள் அப்படியே பொருந்திவிட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

22 ஏப்ரல்

திருப்பலியின் மையச் செபமான நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் வரும் இடத்தில் எங்கள் கோவில் பங்குத்தந்தையான சாமி ஒரு நொடி நின்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழகிய நாக்கு. பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டு ஆயரின் பெயருக்குச் சென்றார். உரோமை இருக்கை வெறுமையாக, அதாவது திருத்தந்தை இல்லாமல், இருக்கும் நாள்களில் அப்படித்தான் செபிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முன்வரிசையில் சிலர் தலைநிமிர்ந்து பார்த்தார்கள்.

திருப்பலி முடிந்து புத்தகத்தை எடுத்து வைக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். "பிரான்சிஸ்" என்று எழுதி ஒட்டிய சிறு தாளின் ஓரம் மெழுகுக் கறையோடு மேலெழும்பியிருந்தது. அதன் அடியில் 2013க்கு முந்தைய, அவருக்கு முன்பிருந்த திருத்தந்தையின் தாள் கிடக்கிறது. "பெனடிக்ட்" என்பதன் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. யாரும் எதையும் கிழிக்கவில்லை, மேலே மேலே ஒட்டியிருக்கிறார்கள்.

24 ஏப்ரல்

திருவுடையை மடித்துக்கொண்டே சாமி சொன்னார்: "எனக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் அறிவிக்கும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்." எங்கே என்று கேட்டேன், சொன்னார். யார் வருகிறார் என்று கேட்டேன், தெரியாது என்றார்.

26 ஏப்ரல்

அடக்கத் திருப்பலியை நேரலையில் பார்த்தோம். அவர் கேட்டுக்கொண்டபடி வத்திக்கானுக்கு வெளியே, புனித மரியா பெருங்கோவிலில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் இலத்தீனில் அவருடைய பெயர் மட்டுமே இருக்கிறது. அதற்குமுன் எந்தப் பட்டமும் இல்லை.

27 ஏப்ரல், இறை இரக்க ஞாயிறு

பூட்டிய கதவுகளுக்குள் அஞ்சியிருந்த சீடர்களைப் பற்றிய நற்செய்தி. நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவை எல்லாரும் குறைசொல்கிறார்கள். எட்டு நாளுக்குப் பிறகும் கதவு பூட்டியே இருந்தது என்று யோவான் எழுதுகிறாரே, முதல் தடவையே ஆண்டவரைக் கண்ட மற்றவர்கள் அதை ஏன் திறக்கவில்லை?

30 ஏப்ரல்

நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் பணியாளரோடு எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். படுத்த படுக்கையாகிவிட்டார். இது யூபிலி ஆண்டு, "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்பது அதன் கருப்பொருள் என்று நான் சொன்னதும், "எதிர்நோக்கு என்றால் என்ன தம்பி?" என்றார். அவர் கற்றது விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் (இறையன்பு). இன்றைய மொழிபெயர்ப்பில் விசுவாசம் நம்பிக்கையாகிவிட்டது. நம்பிக்கையாக இருந்தது எதிர்நோக்காகிவிட்டது. நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டபின், "சரி, நான் பழைய பெயரிலேயே கேட்டுக்கொள்கிறேன், அவருக்குத் தெரியும்" என்றார்.

வழியெல்லாம் அந்தச் சொல்லையே புரட்டிக்கொண்டு வந்தேன். நம்பிக்கை என்றால் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ இருப்பதுபோல் இருக்கிறது. எதிர்நோக்கு என்றால் கண் மட்டுமே இருக்கிறது, கை வெறுமையாக இருக்கிறது. எனக்கு இந்த வாரம் இரண்டாவது சொல்தான் உண்மையாகப் படுகிறது. ஆனால் சாகக் கிடக்கும் ஒருவரிடமிருந்து முதல் சொல்லை வாங்கிக்கொள்ள நான் யார்?

2 மே

மாற்றல் செய்தி கசிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

4 மே

இரவு முழுவதும் வலைவீசி ஒன்றும் படாத சீடர்களைப் பற்றிய நற்செய்தி. விடிந்தபின் 153 மீன்கள். மறையுரையில் சாமி மீன்களைத் தொடவேயில்லை. முதிர்வயதில் வேறொருவர் உன்னைக் கட்டி, உனக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கூட்டிச்செல்வார் என்று பேதுருவிடம் ஆண்டவர் சொன்ன வரியிலேயே நின்றார். கோவிலில் பாதிப் பேருக்கு ஏன் என்று தெரிந்திருந்தது, தெரியாததுபோல் இருந்தார்கள்.

6 மே

நாளை கான்கிளேவ், புதிய திருத்தந்தையைக் கர்தினால்கள் தேர்ந்தெடுக்கும் கூட்டம். மன்றாட்டை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். "இளையோரைப் புரிந்துகொள்ளும் ஒரு திருத்தந்தையை", "மரபைக் காக்கும் ஒரு திருத்தந்தையை" என்று ஆளாளுக்கு வரி கொடுக்கிறார்கள். இவை மன்றாட்டுகளே அல்ல, தூய ஆவியாருக்கு எழுதும் பரிந்துரைக் கடிதங்கள். ஆனால் எங்கள் பங்குக்கு யார் வர வேண்டும் என்று நானும் மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் முதல் பெயர், போகிறவருடைய பெயர்தான்.

7 மே

கரும்புகை, இன்னும் யாரும் தேர்வாகவில்லை. 133 கர்தினால்கள், தேவையான வாக்குகள் 89. 1268இல் தொடங்கிய திருத்தந்தைத் தேர்தல் 1271இல்தான் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். அது ஆறுதலாக இல்லை.

8 மே

வெண்புகை! நான்காம் வாக்கெடுப்பிலேயே. புதிய திருத்தந்தை 14ஆம் லியோ. மேல்மாடத்தில் அவருடைய முதல் சொல், பூட்டிய அறைக்குள் உயிர்த்த ஆண்டவர் சொன்ன அதே அமைதி வாழ்த்து. வாய்விட்டு அழுதேன். எதற்காக என்று தெரியவில்லை; அவரை எனக்கு நேற்றுவரை தெரியாது.

9 மே

புதுத் தாளில் "லியோ" என்று எழுதி, பிரான்சிஸ் மேல் ஒட்டினேன். பசை காயும்வரை விரலால் அழுத்திக்கொண்டே நின்றேன்.

11 மே, நல்லாயன் ஞாயிறு

சாமி தம் மாற்றலை அறிவித்தார். முன்பே தெரிந்திருந்தும் கோவில் அசையாமல் இருந்தது. மன்றாட்டில் "எங்கள் புதிய பங்குத்தந்தைக்காக" என்று படித்தபின், பெயர் வர வேண்டிய இடத்தில் நானும் ஒரு நொடி நின்றேன். அடுத்து நோயுற்றோருக்காக. பாட்டியின் பெயரைச் சற்று உரக்கவே படித்தேன்.

13 மே

திருப்பலிக்காக அலைபேசியை ஒலியடக்கி வைத்திருந்தேன். பாட்டியின் மகள் இரண்டு முறை அழைத்திருக்கிறார்.