டயட்டின் முதல் நாள்: கணக்கில் வராத கைப்பிடி

சர்க்கரை நோய்க்காரர் எடை குறைக்க முடிவெடுத்த முதல் நாள், காபியிலிருந்து சர்க்கரை வெளியேறி அதே இடத்தில் தேன் வந்து உட்காரும். இயற்கைதானே! ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேனீயின் உழைப்புக்கெல்லாம் குளுக்கோமீட்டர் தள்ளுபடி தராது.

பதினோரு மணிக்கு "ஒரு கைப்பிடி" பாதாம். 28 கிராமுக்குச் சுமார் 165 கலோரி. நல்ல பண்டம்தான், ஆனால் டிவி முன்னால் கை நாலு தடவை போய்வருகிறது. எடைபோட்டுக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை உள்ளே வையுங்கள்.

மதியம் 9 அங்குலத் தட்டு. பாதி காய்கறி, கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் சோறு. அகலத்தைச் சொன்னார்களே தவிர உயரத்தைச் சொல்லவில்லை என்று அந்தக் கால் பாகத்தில் மலை எழுப்பக் கூடாது. சாலட்டின் மேல் பாட்டிலைக் கவிழ்க்கவும் வேண்டாம்: எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. காயையும் பருப்பையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை அவ்வளவு எகிறாது.

இதெல்லாம் சில்லறைத் தப்பு. பெரிய தப்பு நாலு மணிக்கு வரும். சாப்பாடு பாதியாகிவிட்டது, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ மட்டும் பழைய அளவிலேயே. கை நடுங்கும், வியர்க்கும், மீட்டர் 70-க்குக் கீழே காட்டும். உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் குறைவாயிருந்தால் இன்னொரு 15 கிராம். அந்தக் கால் மணி நேரம் பொறுக்காமல் ஃபிரிட்ஜைக் காலி செய்தால் மீட்டர் 300 காட்டும், அன்றைய டயட்டும் கரைந்துபோகும். ஆகவே தட்டைக் குறைக்கும் முன்பே டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது.

பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் வகை) போடுபவர்கள் சோற்றை அடியோடு நிறுத்துவது வேறு ஆபத்து. மீட்டர் சாதுவாக ஒரு எண்ணைக் காட்டும்போதே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் ஆஸ்பத்திரிதான்.

வாரக் கடைசியில் தராசில் இரண்டு கிலோ குறைந்திருக்கும். பெரும்பாலும் தண்ணீர், உடல் சேமித்துவைத்த சர்க்கரையான கிளைகோஜன் கரையும்போது அது பிடித்துவைத்திருந்த நீரும் கூடவே போகிறது. கொண்டாட "சுகர் ஃப்ரீ" பிஸ்கட் பிரிக்கப்படும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: மைதாவுக்கு அங்கே லீவு விடவில்லை.